ஜெனரல் ஹேஸ் வாழ்ந்த ஊர்கள்: ஒஹையோ பயண நாட்குறிப்பு

திங்கள், டெலவேர்

அமெரிக்காவின் 19ஆவது குடியரசுத் தலைவர் பிறந்த இடத்தில் இன்று பெட்ரோல் பங்க் இருக்கிறது. கொலம்பஸிலிருந்து வடக்கே அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கார் ஓட்டினால் டெலவேர் என்ற சிற்றூர் வரும். அங்கே வில்லியம் தெருவில் பங்க்கின் ஓரத்தில் ஒரு நினைவுக்கல்லும் பட்டயமும் இருக்கின்றன. 1822 அக்டோபர் 4 அன்று ரதர்ஃபோர்ட் பர்ச்சர்ட் ஹேஸ் பிறந்த வீடு இங்கேதான் இருந்தது. அந்த வீட்டை இடித்துப் பல காலமாகிவிட்டது. பட்டயத்தைப் படிக்க நின்றபோது பக்கத்தில் ஒருவர் லாரிக்கு டீசல் போட்டுக்கொண்டிருந்தார். அவர் அந்தக் கல்லின் பக்கம் திரும்பவே இல்லை. அந்தக் கல் அவருக்குப் பழகிப்போயிருக்கும்.

ஹேஸைத் தேடி நானும் மனைவியும் கிளம்பியதற்குக் காரணம் இருக்கிறது. அவர் வக்கீலாக இருந்தபோது தப்பி வந்த அடிமைகளுக்காக நீதிமன்றத்தில் வாதாடினார். 1861இல் அடிமை முறையை ஒட்டி வட மாநிலங்களும் தென் மாநிலங்களும் மோதிய உள்நாட்டுப் போர் வந்ததும், நாற்பதை நெருங்கிய வயதில், மனைவி மக்களை விட்டுவிட்டுப் படையில் சேர்ந்து பலமுறை குண்டடி பட்டார். அப்புறம் 1877இல் குடியரசுத் தலைவராகி, தென் மாநிலங்களில் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்குக் கடைசித் துணையாக நின்ற மத்திய அரசுப் படைகளை விலக்கிக்கொண்டார். மூன்றையும் செய்தவர் ஒரே மனிதர் என்பது எனக்கு நெடுநாளாகவே உறுத்தல். அவருடைய வாழ்க்கையை அவர் நடந்த தெருக்களிலேயே படிக்க வேண்டும் என்று தோன்றியது.

அப்பாவின் முகத்தை ஹேஸ் பார்த்ததே இல்லை. வெர்மாண்டில் கடை வைத்திருந்த அப்பா 1817இல் ஒஹையோவுக்குக் குடிபெயர்ந்து, மகன் பிறப்பதற்குச் சுமார் பத்து வாரம் முன்பு காய்ச்சலில் இறந்துபோனார். அம்மா சோஃபியா தனியாளாகப் பிள்ளைகளை வளர்த்தார். அண்ணன் லொரென்சோ சிறுவயதிலேயே நீரில் மூழ்கி இறக்க, மிஞ்சியது அக்கா ஃபேனியும் இந்த நோஞ்சான் பையனும்தான். அம்மாவின் தம்பி சார்டிஸ் பர்ச்சர்ட் கல்யாணமே செய்துகொள்ளாதவர். வடக்கே வியாபாரமும் வங்கித் தொழிலும் செய்து நன்றாகச் சம்பாதித்தார். அக்கா பிள்ளைகளைத் தன் பிள்ளைகளாகவே பாவித்தார். ஹேஸ் கேம்பியரில் உள்ள கென்யன் கல்லூரியில் 1842இல் முதல் மாணவராகத் தேறியதற்கும், ஹார்வர்டில் சட்டம் படித்து 1845இல் வெளியே வந்ததற்கும் பின்னால் தாய்மாமன் பணமும் பாசமும் இருந்தன. தாய்மாமன் என்றால் என்ன என்று நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

மதியம் ஒஹையோ வெஸ்லியன் பல்கலைக்கழக வளாகத்துக்குப் போனோம். அங்கே கந்தக ஊற்று ஒன்று உண்டு. பக்கத்தில் போவதற்கு முன்பே வாடை சொல்லிவிடும். 1847இல் ஹேஸும் லூசி வெப்பும் சந்தித்துக்கொண்டது இந்த ஊற்றருகேதான். லூசி அப்போது பதினாறு வயதை எட்டாத பெண், அவர் இருபத்து நாலு வயது வக்கீல். கல்யாணம் நடந்தது 1852 டிசம்பர் 30 அன்று. லூசி கல்லூரிப் பட்டம் பெற்றவர், அடிமை முறையை அடியோடு வெறுத்தவர். ஹேஸ் அரசியலில் எங்கே நின்றார் என்பதில் லூசியின் பங்கு பெரிது என்று நினைக்கிறேன். அதுவரை ஹேஸ் அடிமை முறை விஷயத்தில் பெரிதாக அக்கறை காட்டியதாகத் தெரியவில்லை.

கடைத்தெரு முனையில் ஹேஸுக்கு ஒரு வெண்கலச் சிலையும் வைத்திருக்கிறார்கள். சமீபத்தில் வைத்தது, பார்க்க நன்றாகவே இருக்கிறது.

செவ்வாய், கொலம்பஸ்

காலையில் கொலம்பஸின் மேற்கே ஹில்டாப் பகுதியில் உள்ள கேம்ப் சேஸ் கல்லறைக்குப் போனோம். சுற்றிலும் சாதாரண வீடுகள், நடுவில் சுவர் கட்டிய ஒரு புல்வெளி. வரிசை வரிசையாக வெள்ளைக் கற்கள் இரண்டாயிரத்துக்கு மேல். எல்லாம் இங்கே கைதிகளாக இருந்து இறந்துபோன தென்பகுதிப் படைவீரர்களுடையவை. வளைவின் உச்சியில் 'அமெரிக்கர்கள்' என்ற ஒரே சொல் செதுக்கப்பட்டிருக்கிறது.

கைதி முகாம் ஆவதற்கு முன்பு இது பயிற்சி முகாமாக இருந்தது. 1861 ஜூனில் 23ஆவது ஒஹையோ காலாட்படை இங்கே உருவானபோது ஹேஸ் அதில் மேஜர். போர் மூண்ட சில வாரங்களிலேயே அவர் தன் நாட்குறிப்பில் முடிவை எழுதிவிட்டார்: இதில் நான் செத்துப்போவேன் என்று முன்கூட்டியே தெரிந்தாலும் சரி, இதில் பங்கெடுக்காமல் உயிரோடிருப்பதைவிடப் போய்ச் சேர்வதே மேல். ராணுவப் பயிற்சி எதுவும் இல்லாத, நல்ல வருமானம் இருந்த நகரத்து வக்கீல் அவர். இப்படி எழுதிய பலர் முதல் வருடத்திலேயே வீடு திரும்பிவிட்டார்கள். ஹேஸ் கடைசிவரை களத்தில் இருந்தார்.

முகாமில் நடந்த ஒரு சம்பவம் எனக்குப் பிடிக்கும். படைக்குக் கொடுத்த துப்பாக்கிகள் பழைய காலத்துச் சரக்கு. "இதை வைத்துக்கொண்டு சண்டை போட முடியாது" என்று வீரர்கள் வாங்க மறுத்துவிட்டார்கள். ஹேஸ் அவர்களைத் தண்டிக்கவில்லை. கூடாரம் கூடாரமாகப் போய்ப் பேசினார். நாட்டின் விடுதலைப் போரை நம் முன்னோர்கள் தொடங்கியபோது அவர்கள் கையில் இருந்தது இதைவிட மோசமான ஆயுதம் என்று எடுத்துச் சொன்னார். கேட்டவர்களில் 18 வயதுப் பையன் ஒருவன் அந்தப் பேச்சைக் கடைசிவரை மறக்கவில்லை. அவன் பெயர் வில்லியம் மெக்கின்லி. பிற்காலத்தில் அவனும் குடியரசுத் தலைவன் ஆனான். ஒரே படைப்பிரிவிலிருந்து இரண்டு குடியரசுத் தலைவர்கள்!

பிற்பகல் சட்டமன்றக் கட்டடம். சுண்ணாம்புக் கல்லில் கட்டிய, கிரேக்கக் கோயில் சாயலில் உள்ள கனமான கட்டடம். ஹேஸ் இங்கே மூன்று முறை ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். முதல் தேர்தல் 1867இல். கறுப்பின ஆண்களுக்கு ஒஹையோவில் வாக்குரிமை வேண்டும் என்று வெளிப்படையாகவே பிரசாரம் செய்தார். மக்கள் அதற்கான அரசமைப்புத் திருத்தத்தை நிராகரித்தார்கள். சட்டமன்றமும் எதிர்க்கட்சியிடம் போனது. ஹேஸ் மட்டும் மூவாயிரத்துக்கும் குறைவான வாக்குகளில் தப்பிப் பிழைத்தார். வாக்கு இழக்க நேரும் என்று தெரிந்தே ஒரு விஷயத்தைப் பேசிய அரசியல்வாதி என்பதற்கு இது நல்ல சாட்சி. இரண்டாவது பதவிக்காலத்தில்தான் இன்றைய ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு அடித்தளம் விழுந்தது.

கட்டடத்துக்கு வெளியே ஒரு நினைவுத்தூண். மேலே, தன் பிள்ளைகளே தன் நகைகள் என்று சொன்ன ரோமானியத் தாய் கொர்னீலியா, கீழே சுற்றிலும் ஒஹையோவின் ஏழு புதல்வர்கள்: கிரான்ட், ஷெர்மன், ஷெரிடன், ஸ்டான்டன், சேஸ், கார்ஃபீல்ட், ஹேஸ். சுற்றி வந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தோம். கிரான்ட்டுக்கு முன்னால் நின்று படம் எடுப்பவர்கள் ஹேஸ் பக்கம் வருவதில்லை.

குடியரசுத் தலைவர் தேர்தல் நடந்த 1876 நவம்பர் 7 இரவு ஹேஸ் இந்த ஊரில்தான் இருந்தார். ஆளுநர், அதோடு குடியரசுக் கட்சியின் வேட்பாளர். நியூயார்க் மாநிலம் கைவிட்டுப் போய்விட்டது என்று தந்தி வந்ததும், தோற்றுவிட்டோம் என்று எண்ணிக்கொண்டு படுக்கப் போனார். அந்த நாட்களில் அவர் எழுதியவற்றில் ஒரு வரி என்னை இன்றும் விடாது. இந்த முடிவில் வேறெதையும்விடத் தெற்கைப் பற்றி, முக்கியமாகக் கறுப்பின மக்களைப் பற்றித்தான் கவலை என்கிறார். வெறும் மேடைப்பேச்சு என்று அதைத் தள்ள முடியவில்லை, ஏனென்றால் அது அவருடைய சொந்த நாட்குறிப்பு. பன்னிரண்டு வயதில் எழுதத் தொடங்கிச் சாகும்வரை விடாமல் எழுதியவர் அவர்.

புதன், சின்சினாட்டி

ஒஹையோ ஆற்றின் கரையில் நின்றால் அக்கரை கென்டக்கி. தொங்குபாலத்தில் நடந்தே போய்விடலாம். 1850களில் அக்கரையில் அடிமை முறை சட்டபூர்வமானது, இக்கரையில் கிடையாது. குளிர்காலத்தில் ஆறு உறையும்போது மனிதர்கள் பனிக்கட்டியின் மேல் நடந்து தப்பி வந்தார்கள். 1856 ஜனவரியில் மார்கரெட் கார்னர் அப்படித்தான் குடும்பத்தோடு வந்தார். பிடிபடும் நேரத்தில், திரும்ப அடிமையாக அனுப்புவதைவிடச் சாவே மேல் என்று தன் பெண் குழந்தையின் கழுத்தை அறுத்துவிட்டார். அந்தச் செய்தி இந்த நகரத்தின் மனதைக் கலக்கியபோது ஹேஸ் இங்கே வக்கீலாக இருந்தார்.

ஆற்றங்கரையில் இருக்கும் விடுதலை அருங்காட்சியகத்துக்குள் ஒரு மரக்கட்டைக் கொட்டடி இருக்கிறது. கென்டக்கியின் மேசன் மாவட்டத்தில் ஒரு புகையிலைக் களஞ்சியத்துக்குள் மறைந்து கிடந்ததைப் பிரித்து எடுத்துவந்து இங்கே நிறுத்தியிருக்கிறார்கள். ஓர் அடிமை வியாபாரி மனிதர்களைத் தெற்கே விற்க அனுப்பும்வரை அடைத்து வைத்த இடம். இரண்டு தளம். மேலே ஆண்களைச் சங்கிலியில் பூட்டிய இரும்பு வளையம் உத்தரத்தில் இன்னும் இருக்கிறது. கீழே ஓர் அடுப்படி, அதைச் சுற்றிப் பெண்கள். உள்ளே போய் நின்றேன். சன்னல்கள் சிறியவை, கம்பி போட்டவை. கட்டைகளின் இடைவெளியில் கோடு கோடாக வெளிச்சம் விழுகிறது. அந்த வளையத்தை அண்ணாந்து பார்த்தபடி என் மனைவி வெகுநேரம் நின்றாள். வெளியே வந்தபிறகும் நாங்கள் கொஞ்ச நேரம் பேசவில்லை.

ஹேஸ் 1850 வாக்கில் இந்த ஊருக்கு வந்தபோது அவரை யாருக்கும் தெரியாது. பெயர் வாங்கித் தந்தது நான்சி ஃபாரர் வழக்கு. மனநலம் குன்றிய ஏழைப் பெண், விஷம் வைத்துக் கொன்றதாகக் குற்றம். தூக்கிலிருந்து அவளைக் காப்பாற்றிப் பைத்தியக்கார விடுதிக்கு அனுப்ப வைத்தார். மெல்ல மெல்ல, தப்பி வந்த அடிமைகளின் வழக்குகளையும் எடுக்க ஆரம்பித்தார்.

அவற்றில் பெரியது 1855இல் ரோசெட்டா ஆர்ம்ஸ்டெட் வழக்கு. ரோசெட்டா 16 வயதுப் பெண். உரிமையாளரின் ஆள் அவளை ஒஹையோ வழியாகக் கூட்டிக்கொண்டு போனபோது, இங்கிருந்த அடிமை ஒழிப்பாளர்கள் மடக்கி நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். அடிமை முறையை எதிர்த்த பிரபல வக்கீல் சால்மன் சேஸோடு சேர்ந்து ஹேஸ் வாதாடினார். வாதம் நேரானது: இவள் தப்பி ஓடி வரவில்லை. இவளைச் சுதந்திர மண்ணுக்குக் கூட்டிவந்தது உரிமையாளர் தரப்பே. அதனால், ஓடிவந்தவர்களைப் பிடித்து உரிமையாளரிடம் திருப்பித் தரச் சொல்லும் தப்பியோடிய அடிமைகள் சட்டம் இவளுக்குப் பொருந்தாது. தீர்ப்பு அவள் பக்கம் வந்தது. ரோசெட்டா விடுதலையானாள்.

சட்டத்தின் ஒரு சின்ன இடுக்கில் கையை விட்டு ஓர் உயிரை மீட்டெடுத்த வேலை அது. ஹேஸ் புரட்சிக்காரர் இல்லை. இருக்கும் சட்டத்துக்குள் நின்று, கிடைத்த வழியில் போகிற ஆள். அந்தக் குணம் ரோசெட்டாவுக்கு உதவியது. இருபத்திரண்டு வருடம் கழித்து அதே குணம் லட்சக்கணக்கானவர்களுக்கு உதவாமல் போனது.

மாலையில் மியூசிக் ஹால் பக்கம் போனோம். செங்கல் கட்டடம், பிரமாண்டம். இதே இடத்தில் முன்பு இருந்த கண்காட்சி மண்டபத்தில்தான் 1876 ஜூனில் குடியரசுக் கட்சி மாநாடு கூடியது. கட்சியின் பெரும்புள்ளி ஜேம்ஸ் பிளெய்ன்தான் வேட்பாளர் ஆவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஏழாவது சுற்றில் 384க்கு 351 என்று ஹேஸ் ஜெயித்தார். யாருக்கும் பெரிய விரோதி இல்லை, கையில் கறை இல்லை, உடம்பில் போர்த்தழும்பு உண்டு. கட்சிக்கு அது போதுமானதாக இருந்தது. இரவு சின்சினாட்டி சில்லி சாப்பிட்டோம். ஸ்பகெட்டி மேல் இறைச்சிக் குழம்பு, அதன் மேல் மலைபோல் துருவிய சீஸ். குழம்பில் பட்டை வாசனை வந்ததால் எங்களுக்கு அந்நியமாகப் படவில்லை.

வியாழன், சாலையில்

நாள் முழுக்கக் கார். மேற்கு வர்ஜீனியா மலைகளைத் தாண்டி மேரிலாந்து. போரின் பெரும்பகுதியை ஹேஸ் கழித்தது இந்த மேற்கு வர்ஜீனியா மலைகளில்தான். மழை. ஃபிரடெரிக்கில் தங்கல்.

வெள்ளி, ஃபாக்ஸ் கணவாய்

சவுத் மவுன்டன் என்பது உயரமான மலை இல்லை. நீண்ட ஒரு குன்றுத்தொடர். அதில் ஃபாக்ஸ் கணவாயில் கார் நிறுத்தச் சிறிய இடம் இருக்கிறது. அப்பலாச்சியன் நடைபாதை சாலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. முதுகில் பெரிய பையோடு இரண்டு பிள்ளைகள் எங்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டுக் கடந்து போனார்கள். சாலையின் ஒரு பக்கம் வடக்கின் ஜெனரல் ரீனோவுக்கு நினைவுக்கல், கொஞ்சம் தள்ளித் தெற்கின் ஜெனரல் கார்லண்டுக்கு நினைவுக்கல். இருவரும் 1862 செப்டம்பர் 14 அன்று ஒரே நாளில் இங்கே விழுந்தார்கள். பக்கத்தில் இருந்த வைஸ் என்ற விவசாயியின் கிணற்றில் ஐம்பதுக்கும் மேற்பட்ட தென்பகுதி வீரர்களின் உடல்களைப் போட்டு மூடினார்கள்.

அன்று காலை முதலில் மேலேறிய படைகளில் 23ஆவது ஒஹையோவும் ஒன்று. தலைமை லெப்டினென்ட் கர்னல் ஹேஸ். எதிரே வட கரோலினா வீரர்கள். மூன்றாவது பாய்ச்சலுக்கு ஆணை கொடுத்த நேரத்தில், இடது கையில் முழங்கைக்கு மேலே குண்டு பாய்ந்து எலும்பு முறிந்தது. ரத்தம் நிற்கவில்லை. ஒரு வீரரைக் கூப்பிட்டுக் காயத்துக்கு மேலே கைக்குட்டையை இறுக்கிக் கட்டச் சொன்னார். தலை சுற்றியது, படுத்துவிட்டார். படுத்துக்கொண்டே கட்டளைகளும் கொடுத்தார். படை பின்னால் நகர, அவர் இரண்டு வரிசைகளுக்கும் நடுவே தனியாகக் கிடந்தார்.

அருகில் ஒரு தென்பகுதி வீரனும் அடிபட்டுக் கிடந்தான். இருவரும் பேசிக்கொண்டார்கள். ஒருவேளை நான் எழுந்திருக்காவிட்டால் என் மனைவிக்கும் நண்பர்களுக்கும் இதைச் சொல் என்று ஹேஸ் அவனிடம் செய்தி கொடுத்தார். இருவரும் நட்பாகவே இருந்தோம், அது மோசமான அனுபவம் இல்லை என்று பின்னால் எழுதினார். மரங்களுக்கு நடுவே நின்று இதை மனைவிக்குப் படித்துக் காட்டினேன்.

"ஏங்க, அவங்களோட சமாதானமாப் போயிடலாம்னு அவருக்கு இங்கேயே தோணியிருக்குமோ?" என்றாள்.

எனக்கும் அப்படித்தான் படுகிறது. எதிரே நின்று சுட்டவனைக் கௌரவமான மனிதனாக அவர் நேரில் பார்த்திருக்கிறார். அவன் கொடுக்கும் வாக்கை நம்பலாம் என்ற எண்ணம் அவருக்குள் இங்கே விழுந்திருக்கலாம். அந்த வாக்கை யார் மேல் வைத்துச் சோதிக்கிறோம் என்பதுதான் 1877இல் எழுந்த கேள்வி.

ஹேஸின் மைத்துனர் ஜோ வெப் படைப்பிரிவின் மருத்துவர். அந்தக் காலத்தில் எலும்பு முறிந்த கையை வெட்டிவிடுவதுதான் வழக்கம். ஜோ வெட்டவில்லை, காப்பாற்றினார். மலைக்குக் கீழே மிடில்டவுனில் ஜேக்கப் ரூடி என்பவரின் வீட்டில் ஹேஸைப் படுக்க வைத்தார்கள்.

லூசி அப்போது கைக்குழந்தைக்காரி. வந்த தந்தி வாஷிங்டனில் இருந்து அனுப்பியதாகக் காட்டியது: இங்கே இருக்கிறேன், வா, கையை இழக்க மாட்டேன். பதறிப்போய் ரயிலேறி வாஷிங்டன் வந்து ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினார். எங்கேயும் கணவர் இல்லை. கடைசியில் தொப்பியில் 23 என்ற எண் போட்ட காயம்பட்ட வீரர்களைப் பார்த்து, சத்தம் போட்டுக் கூப்பிட்டு விசாரித்தார். கர்னல் மிடில்டவுனில் இருக்கிறார் என்று தெரிந்தது. வந்து சேர்ந்ததும், நீ வாஷிங்டனையும் பால்டிமோரையும் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறாயா என்று கணவர் கேலி செய்தாராம். லூசி கணவரைக் கவனித்ததோடு நிற்கவில்லை, ஊரில் கிடந்த மற்ற வீரர்களையும் தினமும் போய்ப் பார்த்துக்கொண்டார்.

மிடில்டவுன் தெருவில் காபி குடித்துவிட்டு ஆன்டீட்டம் போர்க்களத்தையும் ஓர் எட்டுப் பார்த்தோம். பர்ன்சைட் பாலத்துக்குப் பக்கத்தில் மெக்கின்லிக்கு ஒரு நினைவுத்தூண் இருக்கிறது. குண்டுமழைக்கு நடுவே வண்டியில் சூடான காபியும் சாப்பாடும் கொண்டுபோய் வீரர்களுக்குக் கொடுத்தார் அவர். அந்தக் காட்சியே தூணில் செதுக்கப்பட்டிருக்கிறது.

ஹேஸ் மீண்டும் களத்துக்குப் போனார். 1864 அக்டோபரில் சீடர் கிரீக்கில் குதிரை சுடப்பட்டுக் கீழே விழுந்தார், தலையிலும் ஒரு குண்டு உரசியது. அதே வருடம் சின்சினாட்டியில் அவரை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு வேட்பாளராக நிறுத்தினார்கள். ஊருக்கு வந்து ஓட்டுக் கேளுங்கள் என்றார்கள். இந்த நெருக்கடியில் களத்தை விட்டுவிட்டு ஓட்டுக் கேட்கப் போகும் அதிகாரியின் தலைத்தோலை உரிக்க வேண்டும் என்று பதில் எழுதினார். போகவில்லை. போகாமலே ஜெயித்தார்.

மதியத்துக்கு மேல் கிளம்பி மீண்டும் ஒஹையோ. ஃபிரெமான்ட் வந்து சேர இரவாகிவிட்டது.

சனி, ஃபிரெமான்ட்

தாய்மாமன் சார்டிஸ் கட்டிய வீடு. 25 ஏக்கர் தோப்பு, ஸ்பீகல் குரோவ் என்று பெயர். வாசல் இரும்புக் கதவுகள் ஒருகாலத்தில் வெள்ளை மாளிகையில் இருந்தவை. உள்ளே போனால் ஓக் மரங்கள், நீளமான திண்ணை, செங்கல் வீடு. 1916இல் இங்கே திறந்த நூலகமும் அருங்காட்சியகமும்தான் அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் நூலகம்.

அருங்காட்சியகத்தில் மகள் ஃபேனியின் பொம்மை வீட்டின் முன்னால்தான் கூட்டம். வெள்ளை மாளிகைக்காகச் செய்த பீங்கான் தட்டுகளும் இருக்கின்றன. காட்டு வான்கோழி, மீன், செடி கொடி என்று அமெரிக்க இயற்கையையே தட்டில் வரைந்திருக்கிறார்கள். அழகு. ஆனால் நான் வந்தது 1877க்காக.

கணக்கு இதுதான். எதிர்த்து நின்ற ஜனநாயகக் கட்சியின் சாமுவேல் டில்டன் மக்கள் வாக்கில் சுமார் இரண்டரை லட்சம் கூடுதல் வாங்கியிருந்தார். ஆனால் வெற்றியை முடிவு செய்வது மாநிலங்கள் அனுப்பும் தேர்வாளர்களின் வாக்கு. அதில் அவருக்கு 184, வெற்றிக்கு ஒன்றுதான் குறை. ஹேஸுக்கு 165. மிச்சம் 20 வாக்குகள் தகராறில் இருந்தன. அவற்றில் ஒன்று ஓரிகானில், மற்றவை ஃபுளோரிடா, லூசியானா, தென் கரோலினாவில். அங்கெல்லாம் கறுப்பின வாக்காளர்களை அடித்தும் கொன்றும் மிரட்டியும் தடுத்தார்கள். எண்ணுவதிலும் இரு பக்கமும் கைவரிசை காட்டியது. தகராறைத் தீர்க்கக் காங்கிரஸ் அமைத்த 15 பேர் கொண்ட ஆணையம் எல்லாவற்றிலும் 8க்கு 7 என்று ஹேஸ் பக்கம் சொன்னது. மார்ச் 2 அதிகாலை முடிவு: 185க்கு 184. அதற்குச் சில நாள் முன்பு வாஷிங்டன் வொர்ம்லி ஹோட்டலில் ஹேஸின் ஆட்களும் தென்பகுதி ஆட்களும் உட்கார்ந்து பேசினார்கள். தெற்கில் மிச்சமிருந்த குடியரசுக் கட்சி அரசுகளுக்குப் படைத்துணை இனி இருக்காது என்பதுதான் அந்தப் பேச்சின் சாரம். அந்த ஹோட்டலின் உரிமையாளர் ஜேம்ஸ் வொர்ம்லி ஒரு கறுப்பினத்தவர். பேச்சில் உட்கார்ந்தவர்களில் கறுப்பினத்தவர் எவரும் இல்லை.

ஏப்ரல் 10 அன்று தென் கரோலினா சட்டமன்றத்திலிருந்து படை விலகியது. ஏப்ரல் 24 அன்று லூசியானாவில் விலகியது. இரண்டு அரசுகளும் அதோடு கவிழ்ந்தன.

அவருக்காகச் சொல்ல வேண்டியதையும் சொல்கிறேன். படையை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிடவில்லை, சட்டமன்றக் கட்டடங்களிலிருந்து பாசறைக்குத் திருப்பினார். ராணுவத்துக்குப் பணம் ஒதுக்கப் பிரதிநிதிகள் சபை மறுத்துவிட்டது. வடக்கில் மக்களும் அலுத்துப்போயிருந்தார்கள். கறுப்பினத்தவர் உரிமைகளைக் காப்போம் என்று வேட் ஹாம்ப்டன் போன்ற தென்பகுதித் தலைவர்கள் வாக்குக் கொடுத்தார்கள், ஹேஸ் அதை நம்பினார். 1878 தேர்தலில் அந்த வாக்குறுதி மீறப்பட்டதை நாடே பார்த்தது. அந்த முயற்சி தோற்றுவிட்டது என்று அவரே ஒப்புக்கொண்டார். தேர்தல் பாதுகாப்புச் சட்டங்களை ஒழிக்க எதிர்க்கட்சி அனுப்பிய மசோதாக்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தடுத்து நிறுத்தினார். அவர் நியமித்த நீதிபதி ஜான் மார்ஷல் ஹார்லன்தான் 1896இல் இனப்பிரிவினையை உச்ச நீதிமன்றம் ஏற்றபோது தனி ஆளாக எதிர்த்துத் தீர்ப்பு எழுதினார்.

இவ்வளவையும் எடைபோட்ட பிறகும் என் மனம் சமாதானம் ஆகவில்லை. தன் உடம்பை வைத்துப் பந்தயம் கட்ட வேண்டியிருந்தபோது ஹேஸ் தயங்கியதே இல்லை. 1877இல் பந்தயமாக வைக்கப்பட்டது கறுப்பின மக்களின் உயிரும் வாக்கும். அவர்களைக் கேட்காமலே வைத்தார். கொலம்பஸில் தோற்றதாக நினைத்த நாட்களில் எதற்காகக் கவலைப்படுகிறேன் என்று எழுதினாரோ, ஜெயித்த பிறகு அதே காரியம் அவர் கையாலேயே நடந்தது. அதன் விலையை மூன்று தலைமுறை கொடுத்தது.

இரண்டாம் முறை நிற்க மாட்டேன் என்று முதலிலேயே சொன்னவர், சொன்னபடி 1881இல் இந்தத் தோப்புக்குத் திரும்பினார். அதன்பின் பெரும்பகுதி நேரத்தைக் கல்விக்கே கொடுத்தார். தெற்கில் கறுப்பினக் கல்விக்காக ஏற்பட்ட ஸ்லேட்டர் நிதிக்கு அவர்தான் தலைவர். வெளிநாட்டில் மேற்படிப்புக்கு அனுப்பத் தகுதியான கறுப்பின இளைஞர் கிடைக்கவில்லை என்று அவர் பேசியதாகப் பத்திரிகையில் வந்தது. ஹார்வர்டில் படித்துக்கொண்டிருந்த டூ பாய்ஸ் என்ற இளைஞர் விடாமல் கடிதம் எழுதி, சூடாகவே எழுதி, அந்தப் பேச்சைக் கேள்வி கேட்டார். 1892இல் அந்த நிதியின் பணத்தில் டூ பாய்ஸ் பெர்லினுக்குப் படிக்கப் போனார். அடுத்த அரை நூற்றாண்டு அமெரிக்காவில் கறுப்பின உரிமைக்காக ஓங்கி ஒலித்த குரல் அவருடையது.

1893 ஜனவரியில் பல்கலைக்கழக வேலையாகப் போனவருக்குக் கிளீவ்லாந்து ரயில் நிலையத்தில் மாரடைப்பு வந்தது. வேறெங்கும் வாழ்வதைவிட ஸ்பீகல் குரோவில் சாவதே மேல் என்று பிடிவாதமாக வீட்டுக்கு வந்து, 17ஆம் தேதி இறந்தார். லூசி நாலு வருடம் முன்பே போய்விட்டிருந்தார். லூசி இருக்கும் இடத்துக்குப் போகிறேன் என்பதுதான் கடைசிப் பேச்சு. தோப்பில் ஒரு மேட்டின் மேல் வெர்மாண்ட் கிரானைட் கல்லின் கீழ் இருவரும் இருக்கிறார்கள். கொஞ்சம் தள்ளிப் போரில் கூடவே போன ஓல்ட் வைட்டி என்ற குதிரைக்கும் கல் உண்டு.

நூலகத்தில் ஹேஸின் நாட்குறிப்புகள் பாதுகாப்பில் இருக்கின்றன. அச்சான தொகுதிகளை யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து படிக்கலாம். நான் 1877 ஏப்ரல் பக்கங்களை மட்டும் படித்தேன், அதற்கே மாலையாகிவிட்டது. போக நினைப்பவர்கள் ஒரு முழு நாள் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டைச் சுற்றிக்காட்டும் வழிகாட்டியிடம் 1877 பற்றி நேராகவே கேளுங்கள், ஒளிக்காமல் பதில் சொல்கிறார்கள். நாளை கிழக்கே மென்டர் போகிறோம், ஹேஸுக்கு அடுத்து வந்த கார்ஃபீல்டின் வீட்டுக்கு.